அப்பாவின் இடத்தில் ஒருவர்

தம்பி,

போன சனிக்கிழமை நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லோங்கேயில் இருக்கிற எங்கள் சபையின் ஆலயத்துக்குப் போனேன். உன் அப்பாவையும் உன் அக்கா தர்சினியையும் என்னோடு சேர்த்துக் கட்டுகிற சடங்கை முடித்துக்கொண்டு வந்தேன். அப்பா போய் ஒரு வருடம் முடிந்த ஆட்டைத் திவசத்தன்று, வீடு நிறையச் சனம் இருக்கும்போது, நீ என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுச் செய்ய வேண்டாம் என்று கேட்ட காரியம் இதுதான். வேறு யாருடைய வாயாலும் நீ இதைக் கேள்விப்படக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன்.

"உயிரோட இருக்கேக்க உங்கட சபைக்கு வரமாட்டன் எண்டு சொன்ன மனிசன், அம்மா. செத்த பிறகாவது அவரை விட்டுவிடுங்கோ" என்றாய். நீ குரலை உயர்த்தவில்லை. உன் அப்பாவைப்போல, கோபம் வந்தால் உனக்குக் குரல் இறங்கும். முன் அறையில் ஐயர் இருந்தார், சித்தப்பா வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார், அடுப்பில் வடை பொரிந்துகொண்டிருந்தது. நான் வடையைத் திருப்பிப் போட்டேன். பதில் இல்லாததால் அல்ல. அந்தப் பதிலைச் சொல்ல உன் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும். வடைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்ல முடியாது. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும், தம்பி. எடுக்கட்டும். எனக்குப் பிரெஞ்சில் கடைக்குப் போய் வரலாம், மருத்துவரோடு கதைக்கலாம். இதை எழுத முடியாது.

தர்சினிக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அப்பா ஊரை விட்டு வெளிக்கிட்டார். இளம் ஆண்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கவே பயந்த காலம் அது. முதலில் கொழும்பு, பிறகு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் மோன்றியல். அகதி வழக்கு முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அவர் பார்க் எக்ஸ்டென்சனில் ஒரு கிரேக்கரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, மெல்ல மெல்ல அடுப்படிக்கு வந்து, அங்கேயே சமையல்காரர் ஆனார். ஊரில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. யாராவது கொழும்புக்குப் போனால் ஒலிநாடா ஒன்றில் எங்கள் குரலைப் பதிந்து கொடுத்துவிடுவேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் அந்தப் பெட்டியை ஓடவைப்போம். தர்சினி அதில் பாட்டுப் பாடுவாள், பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்ட கதை சொல்லுவாள். எங்கள் வீட்டு வேலியில் முன்னுக்கு ஒரு படலை, பின்னுக்கு ஒரு படலை, இரண்டு வழியாலும் உள்ளே வரலாம். அதனால் ஒவ்வொரு நாடாவின் கடைசியிலும் ஒரே கேள்விதான் கேட்பாள். "அப்பா, நீங்கள் எந்தப் படலையால வருவியள்? நான் எதில நிக்க?" தகப்பனின் முகம் அவளுக்கு நினைவில் இருக்க வழியில்லை. படம் மட்டும் இருந்தது. படத்திலிருந்த ஒருவருக்காக அவள் சில பின்னேரங்களில் உண்மையாகவே படலையில் போய் நின்றாள்.

பிறகு யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் எழும்பி வன்னிக்குப் போனபோது நாங்களும் போனோம். அங்கே எல்லாருக்கும் மலேரியா. எனக்கும் வந்தது, நான் எழும்பினேன். அவள் எழும்பவில்லை. ஆறு வயது முடியவில்லை. சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, ஒரு பாடசாலைக்குப் பின்னால் புதைத்தார்கள். அந்த இடம் இப்போது எது என்று என்னால் காட்ட முடியாது. அப்பாவுக்குச் செய்தி போய்ச் சேர எத்தனையோ கிழமை ஆனது. செய்தி வந்த அன்றும் அவர் வேலைக்குப் போனாராம். முகத்தைப் பார்த்த கடைக்காரர் விசாரித்துவிட்டு, வீட்டுக்குப் போ என்றாராம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு இவர் வெங்காயம் வெட்டத் தொடங்கினாராம். அவரோடு வேலை செய்த ஒருவர் பல வருடம் கழித்து எனக்குச் சொன்னது இது. அப்பா தானாக ஒரு நாளும் சொல்லவில்லை.

நான் மோன்றியலில் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். நான் தனியாகத்தான் வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தார். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததே இல்லை.

வில்லரேயில் அந்த இரண்டாம் மாடி வீட்டில் நீ பிறந்தாய். உன் சிரிப்பில் வீடு நிறைந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் உன் அக்காவின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. நான் அழுவேன் என்று நினைத்து அப்பா சொல்லவில்லை, அவர் உடைந்துபோவார் என்று பயந்து நான் சொல்லவில்லை. உறவுக்காரர் வந்தால் உன்னைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். பிள்ளையை இழந்த வீடு என்பது அவர்களின் கண்ணில் தெரியும், வாயில் வராது. ஒரே ஒரு மனுசி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யோசியாத பிள்ளை, அது இப்ப எங்கயோ ஒரு நல்ல வீட்டில பிறந்திருக்கும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். சைவ வீட்டில் வளர்ந்த எனக்கு அது புதிதும் இல்லை. ஆனால் அன்றைக்கு அது என்னை வெட்டிவிட்டது. என் பிள்ளை இப்போது இன்னொருத்தியின் பிள்ளையா? இன்னொருத்தி அவளுக்குத் தலை வாருகிறாளா? அவள் இன்னொருத்தியை அம்மா என்கிறாளா? அவள் செத்ததை நான் ஒரு மாதிரித் தாங்கிக்கொண்டேன். அவள் வேறு ஒருவரின் பிள்ளை ஆகிவிட்டாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த நாட்களில்தான் இரண்டு இளம் பெண்கள் எங்கள் வெளிப்படிகளில் ஏறி வந்தார்கள். நீ அப்போது சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரிக்குப் போகத் தொடங்கியிருந்தாய். வந்தவர்களுக்குச் சட்டையில் பெயர்த் தகடு, காலில் பனிச் சப்பாத்து. ஒருத்தி அமெரிக்காக்காரி, மற்றவள் தாகிட்டி என்ற தீவிலிருந்து வந்தவள், அவளுக்குப் பிரெஞ்சுதான் மொழி. மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியர் என்றார்கள், அது என்ன என்று எனக்குத் தெரியாது. குளிராக இருந்ததால் உள்ளே வரச் சொன்னேன், அவ்வளவுதான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள் தாகிட்டிக்காரி. இரண்டு என்றேன். அந்த ஊரில் அதுவரை யாருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. சுவரில் உன் படம் மட்டும்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "மற்றப் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். நான் பெயரைச் சொன்னேன். பிறகு அழுதேன். அவள் என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, "அவளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். ஆட்டுக்குட்டிக் கதையையும் சொன்னேன்.

அவர்கள் எனக்குச் சொன்னது இதுதான். குடும்பம் என்பது சாகும்வரைக்கும் செய்துகொள்ளும் ஏற்பாடு இல்லை. தாய், தகப்பன், பிள்ளை என்ற உறவு சாவுக்கு அப்பாலும் அப்படியே நிற்கும். அப்படி நிற்கும்படி கட்டுவதற்கு ஆலயத்தில் ஒரு சடங்கு உண்டு, அதற்கு முத்திரித்தல் என்று பெயர். எட்டு வயதுக்கு முன் இறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம்கூடத் தேவையில்லை, அது பாவமறியாதது, நேரே கடவுளிடம் போய்விட்டது. தாயோடும் தகப்பனோடும் சேர்த்துக் கட்டுவது ஒன்றுதான் மிச்சம். "உங்கள் மகள் இப்போதும் உங்கள் மகள்தான்" என்றாள் அந்தப் பெண். உடனே எல்லாவற்றையும் நம்பினேன் என்று சொல்லமாட்டேன். அவர்களின் புத்தகத்தில் இன்றைக்கும் எனக்கு விளங்காத பக்கங்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு வசனத்தை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீ பதினாறு வயதில் என்னைக் கேட்டாயே, "என்னத்துக்கம்மா இந்தச் சபை?" என்று. இதற்குத்தான், அப்பன். இதற்கு மட்டும்தான்.

அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். நெற்றியில் திருநீறு பூசாமல் வேலைக்குப் போகாத மனிசன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "அங்க போனா உனக்கு நித்திரை வருமே?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "அப்ப போ" என்றார். சபையில் சேர்ந்தால் தேநீர், கோப்பி குடிக்கக் கூடாது. அதைச் சொன்னபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. காலையில் இரண்டு பேரும் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து பால்தேத்தண்ணி குடிப்பதுதான் எங்களுக்கு நாள் தொடங்குவது. அதற்குப் பிறகு அவர் குடிப்பார், நான் சுடுதண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் இருப்பேன். ஒரு நாளும் அவர் பகிடி பண்ணவில்லை. ஆனால் அந்த யன்னலடியில் நான் அவரைக் கொஞ்சம் தனியே விட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரியும். கலியாணம் கட்டப்போகிற உனக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். நீ எதை நம்பினாலும், அதற்கான விலையில் பாதியை உன்னோடு இருக்கிறவள் கொடுப்பாள். அவள் கணக்குக் கேட்கமாட்டாள். நீ அறிந்து வைத்திரு.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேரையும் காரில் சபைக்குக் கொண்டுபோய் விடுவார். தான் உள்ளே வரமாட்டார். பனிக் காலத்திலும் காருக்குள்ளேயே இருந்து தமிழ்ப் பேப்பர் வாசிப்பார். சபை ஆட்கள் வந்து கூப்பிடுவார்கள். "மெர்சி, மெர்சி, எனக்கு இது சுகம்" என்பார். விருந்து என்றால் மட்டும் இறங்குவார். அப்போதும் நேரே அடுப்படிக்குத்தான். வெள்ளிக்கிழமை வேலை இல்லாவிட்டால் உன்னைக் கூட்டிக்கொண்டு டொலார்ட்டில் முருகன் கோவிலுக்குப் போவார். நீ ஒரு கிழமைக்குள் இரண்டு சாமியையும் பார்த்து வளர்ந்தாய். எதை வைத்துக்கொண்டாய், எதை விட்டாய் என்பது உன்னுடையது. நான் அதில் கை வைக்கவில்லை, இனியும் வைக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. திங்கட்கிழமை பின்னேரங்கள் உனக்கு நினைவிருக்கும். திங்கள் கடை பூட்டு. அப்பா வீட்டில் நிற்பார். தொலைக்காட்சி போடமாட்டோம், யாரையும் கூப்பிடமாட்டோம். கரம் பலகையைக் கீழே வைத்து மாவைத் தூவி மூன்று பேரும் காய் அடித்து விளையாடுவோம். நீ தோற்றால் அழுவாய், அப்பா வேண்டுமென்றே சிவப்புக் காயை உனக்கு விடுவார். திவசத்தன்று சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு நீ அந்தக் கரம் விளையாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய், "அப்பா எண்டால் எனக்குத் திங்கட்கிழமைதான்" என்று. தம்பி, அந்தத் திங்கட்கிழமை என் சபையிலிருந்து வந்தது. கிழமையில் ஒரு பின்னேரம் குடும்பத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. நான் தயங்கித் தயங்கித்தான் அவரிடம் சொன்னேன். "உங்கட ஆக்கள் இதொண்டைச் சரியாச் சொல்லியிருக்கினம்" என்று எழும்பிப் போய்க் கட்டிலுக்குக் கீழே இருந்த பலகையை எடுத்து வந்தார். உன்னை வாழ்நாள் முழுவதும் காரில் காத்திருந்த ஒரு மனிசனின் மகன் என்று நீ நினைக்கிறாய். அது சரி. ஆனால் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கவில்லை.

முத்திரித்தலுக்கு அப்பா தேவை. அதுதான் சிக்கல். ஒரு பிள்ளையைத் தாய்க்கு மட்டும் கட்ட முடியாது, தாயும் தகப்பனும் முதலில் ஒருவரோடு ஒருவர் கட்டப்பட வேண்டும். அதற்கு அவர் சபையில் சேர வேண்டும். நான் பல வருடம் கேட்கவில்லை. அவர் தன் சாமியை விடமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பல்கலைக்கழகம் போன முதல் குளிர்காலம், ஒரு ஞாயிறு, கூட்டம் முடிந்து வந்து காரில் ஏறினேன். அன்றைக்குத் தர்சினியின் பிறந்த நாள். கேட்டுவிட்டேன். அவர் காரை எடுக்கவில்லை. கண்ணாடியில் பனி விழுந்து மூடிக்கொண்டே வந்தது.

"முருகனுக்காக எண்டு நினைச்சியோ?" என்றார். "முருகன் ஒண்டும் சொல்லமாட்டார். நீ சொல்லுறது உண்மை எண்டால், அங்க அவள் நிப்பாள். என்னை அவளுக்குத் தெரியாது. எந்தப் படலையில நிக்க எண்டு கேட்டவள். நிண்டும் இருப்பாள். நான் ஒண்டாலயும் வரேல்லை. இப்ப சபையில பேரைப் பதிஞ்சிட்டு, நான்தான் உன்ர அப்பன், இனி எண்டைக்கும் நான்தான் எண்டு போய் நிக்க எனக்கு வெக்கமா இருக்கு."

"அவள் அப்பிடி நினைக்கமாட்டாள்" என்றேன்.

"உனக்கு அவளைத் தெரியும். எனக்குத் தெரியாதே" என்றார். பிறகு காரை எடுத்தார்.

உன் அப்பா என் சபையை வேண்டாம் என்றார் என்று நீ நினைத்திருக்கிறாய். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், அவரும் அப்படியே விட்டுவிட்டார். தன் பிள்ளைக்கு முன்னால் தகப்பன் என்று நிற்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்த ஒரு மனிசன் அவர் என்பதை நான் மட்டும் அறிந்திருந்தேன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு அவர் எவ்வளவு நல்ல அப்பாவாக இருந்தாரோ, அவ்வளவுக்கு அவர் அவளுக்குக் கொடுக்க முடியாததை எண்ணி எரிந்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

மருத்துவமனையில் கடைசிக் கிழமை, ஒரு மத்தியானம். வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. வலிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள், ஆனால் தெளிவாக இருந்தார். நான் அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கட்டே?" என்றேன்.

"நீ என்ன கேக்கப்போறாய் எண்டு தெரியும். அதை என்னட்டக் கேக்காத" என்றார்.

அப்போதுதான் நீ இரண்டு கையிலும் கோப்பியோடு வாசலில் வந்து நின்றாய். உன் முகம் மாறியதை நான் கண்டேன். நீ திரும்பி நடந்துவிட்டாய். சாகக் கிடக்கிற மனிசனைக்கூட இவள் விடுகிறாள் இல்லை என்று நினைத்திருப்பாய். திவசத்தன்று நீ சொன்னது அன்றைக்கே உனக்குள் இருந்தது. ஆனால் நீ கேட்டது பாதி, தம்பி. நீ போன பிறகு அவர் மிச்சத்தைச் சொன்னார்.

"என்னட்டக் கேட்டு என்ன? அது அவளின்ர விருப்பம். நான் போய் அவளிட்டக் கேக்கிறன். நீ செய்யிறதை இஞ்ச செய். அவள் ஓம் எண்டால் எனக்கும் ஓம்."

"அவள் வேண்டாம் எண்டால்?"

கொஞ்சம் சிரித்தார். "வேண்டாம் எண்டால் வெளியில நிக்கிறன். காருக்குள்ள இருந்து பழகினவன்தானே."

இதுதான் உன் அப்பாவின் பதில். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் இல்லை. நாலைந்து நாளில் போய்விட்டார். நீ ஒரு மகன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாய். தலை மழித்துக் கொள்ளி வைத்தாய், லஷீனில் ஆற்றுக்குள் இறங்கிச் சாம்பல் கரைத்தாய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தாய். நான் கரையில் நின்று பார்த்தேன். என் நம்பிக்கை வேறு என்பதால் அதில் எதுவும் எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. அவர் உன்னிடம் எதிர்பார்த்தது அதுதான். என்னிடம் சொல்லிவிட்டுப் போனது இது. ஆட்டைத் திவசம் முடியட்டும் என்று நானாகத்தான் காத்திருந்தேன்.

நீ பயப்படுகிற மாதிரி இது யாரையும் இழுத்துக்கொண்டு போகிற காரியம் இல்லை. இறந்தவருக்காக இங்கே செய்கிற சடங்கை அங்கே அவர் ஏற்கலாம், தள்ளலாம். இங்கே நாங்கள் செய்து வைக்கிறோம், அவ்வளவுதான். முதலில் அவருடைய பெயரில் ஞானஸ்நானமும் மற்றவையும் நடந்தன, ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் பதிலாக உயிரோடு இருக்கும் ஒருவர் நின்றார். சனிக்கிழமை முத்திரித்தல். அங்கே சொல்லப்படும் வார்த்தைகளை நாங்கள் வெளியே எழுதுவதில்லை, அதனால் எழுதமாட்டேன். மற்றதைச் சொல்கிறேன். சின்ன அறை. எல்லாரும் வெள்ளை உடுப்பு. எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடிகள், அவற்றுக்குள் பார்த்தால் நாங்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருப்போம். அப்பாவுக்குப் பதிலாக வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, ஹெய்ட்டிக்காரர், எனக்கு முன்பின் தெரியாதவர். தொடங்க முன்னர் என்னிடம் மெல்லக் கேட்டார், உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்று. சமையல்காரர், பகிடி விடுவார் என்றேன். தலையை ஆட்டினார். முழங்காலில் நின்று அவருடைய கையைப் பிடித்தேன். பெரிய கை. கண்ணை மூடி அது உன் அப்பாவின் கை என்று நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு கண்ணைத் திறந்துகொண்டேன்.

தர்சினிக்குப் பதிலாக ஒரு பெண் வந்து எங்கள் கைகளின் மேல் தன் கையை வைத்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன், அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் அக்கா இருந்தால் இந்த வயதைத் தாண்டியிருப்பாள். எங்கள் சபையில் பழைய ஆட்கள் சொல்வார்கள், சின்ன வயதில் இறந்த பிள்ளையை அதே வயதில் தாய் திரும்பப் பெற்று வளர்த்தெடுப்பாள் என்று. நான் அதை நம்பித்தான் இவ்வளவு காலமும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மனதுக்குள் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஒரு வளர்ந்த பெண்ணின் கை என் கை மேல் இருந்தபோது, அவளோடு நான் வாழாத அத்தனை வருடங்களும் அந்தக் கையின் பாரத்தில் இருந்தன. எந்தச் சடங்கும் அவற்றைத் திருப்பித் தராது. நான் அங்கே அழுதேன். மற்றவர்கள் அதைச் சந்தோசம் என்று நினைத்தார்கள்.

முடிந்த பிறகு சடங்கு செய்த பெரியவர் கேட்டார், வேறு பிள்ளைகள் உண்டா என்று. ஒரு மகன், உயிரோடு இருக்கிறான் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிசர்.

வரும்போது மெட்ரோவில் வந்தேன். ஆற்றுக்குக் கீழால் அது போகும்போது காது அடைத்தது. பாரம் இறங்கிவிடும் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். இறங்கவில்லை, இடம் மாறியது. அப்பா கேட்டுவிட்டாரா, அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சாகும்வரை தெரியவராது. ஓம் சொல்லியிருந்தால் அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம். நீ இன்னொரு பக்கம். என் நம்பிக்கையின்படி உன்னை இன்னும் எங்களோடு கட்டவில்லை, நீ கேட்காமல் கட்டவும் முடியாது. ஒரு பிள்ளைக்காகத்தான் நான் இந்த வழியில் வந்தேன். வந்த இடத்தில் மற்றப் பிள்ளை வெளியில் நிற்கிறான். இதை உன்னிடம் மறைத்தால் நான் தாய் இல்லை. இதைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டாலும் நான் தாய் இல்லை. அதனால் சொல்லிவிட்டு விடுகிறேன். எனக்குக் கவலை இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும்.

உனக்குக் கோபம் ஆறவில்லை என்றால் ஒன்றை யோசித்துப் பார். அடுத்த மாதம் முருகன் கோவிலில் உன் கலியாணத்தில், அப்பா இருக்க வேண்டிய மணவறைப் பலகையில் சித்தப்பாவைத்தானே இருத்தப்போகிறாய்? சித்தியும் அவரும் கும்பத்துக்கு முன்னால் இருந்து தாய் தகப்பனின் காரியத்தைச் செய்வார்கள். சித்தப்பா உன் அப்பா ஆகிவிடுவார் என்று நீ நினைக்கவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறாய். நானும் அதைத்தான் நினைத்தேன். தாலி கட்டும்போது அம்மா முன்னுக்குத்தான் நிற்பார் என்று நீ ஐயரிடம் கண்டிப்பாகச் சொன்னதைச் சித்தி எனக்குச் சொன்னார். என்னோடு கதைக்காமல் இருந்த கிழமையில்தான் நீ அதைச் சொல்லியிருக்கிறாய். நான் வாறன், தம்பி. நீ நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பேன்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான், அது சபையைப் பற்றியதும் இல்லை. செவ்வாய்க்கிழமை நீ கட்டப்போகிற ஜெனவியேவ் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். சேலைக்கு நிறம் கேட்கத்தான் எடுத்தாள். நல்ல பிள்ளை, கதைக்கும்போது சிரிப்பு கேட்கிறது. வைக்கும்போது, "உங்களுடைய ஒரே பிள்ளையை எனக்குத் தருகிறீர்கள், கவனமாகப் பார்த்துக்கொள்வேன்" என்றாள். நீ அப்படிச் சொல்லியிருக்கிறாய், அல்லது ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் பேசாமல் இருக்கத்தான் நாங்கள் உனக்குப் பழக்கினோம். எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அதை அவள் என்னிடமிருந்து அறியக் கூடாது, உன்னிடமிருந்து அறிய வேண்டும்.

கலியாணத்துக்கு முன்னால் அவளுக்குச் சொல்லு, உனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று. பெயரையும் சொல்லு. பிரெஞ்சு வாயில் அந்தப் பெயர் முதலில் சரியாக வராது. இரண்டு மூன்று தரம் பொறுமையாகச் சொல்லிக் கொடு.

அம்மா